இனந்தெரியாத புள்ளிகள்

பேலியகொடை வானத்தைப் பார்த்து இரசிப்பதற்கு ஏற்ற ஊரன்று. களனி கங்கையின் வடகரையிலே, கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும் பிரிந்து செல்லும் முனையிலே, லொறிகளின் இரைச்சலுக்கும் பட்டறைகளின் புகைக்கும் நடுவே கிடக்கும் ஊர் அது. வித்தியாலங்காரப் பிரிவெனா அமைந்த ஊர் என்பதும், ராகுல் சாங்கிருத்தியாயன் வந்து தங்கிக் கற்றும் கற்பித்தும் சென்ற இடம் என்பதும் நம்மிற் பலருக்கு நினைவிருக்கலாம். அன்றாடம் அங்கு மூட்டை சுமக்க வருபவனுக்கு அந்நினைவுக்கு நேரமில்லை, வானத்துக்கும் நேரமில்லை.

ஆயினும் 2008 ஒக்டோபர் 28ஆம் திகதி, நள்ளிரவை அண்டிய வேளையில், அவ்வூர் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தது. கொழும்பின் விளக்குகள் அணைந்தன. கங்கைக்கு அக்கரையில், கூப்பிடு தூரத்தில் உள்ள களனிதிஸ்ஸ மின்நிலையத்தின்மீது விடுதலைப் புலிகளின் வான்படை குண்டு வீசியது. நகரின் நாற்புறமுமிருந்து துப்பாக்கிகள் வானத்தை நோக்கிச் சுட்டன. செந்நிறக் கோடுகள் இருளிலே ஒன்றையொன்று வெட்டிச் சென்றன. அன்றிரவு முற்றத்தில் நின்று பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்: எல்லோரும் ஏதோ ஒன்றைக் கண்டனர், எதைக் கண்டோம் என்று உறுதியாகச் சொல்ல எவராலும் முடியவில்லை.

அதற்கு முன்னைய ஆண்டிலும் இதே கதைதான். 2007 ஏப்ரில் 29ஆம் திகதி அதிகாலை, பார்படோசில் நடந்த உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தை நாடே விழித்திருந்து பார்த்துக்கொண்டிருந்த வேளையில், கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளும் கெரவலப்பிட்டி எரிபொருள் நிலையமும் தாக்கப்பட்டன. ஒன்று பேலியகொடைக்குத் தென்கிழக்கே, மற்றது வடக்கே, ஊர் இடையிலே. அதற்கு இரண்டு மூன்று நாட்கள் முன்னரும் இனந்தெரியாத விமானம் வருகிறதென்ற ஐயத்தினால் நகரம் இருளில் ஆழ்த்தப்பட்டது. அன்று விமானம் எதுவும் வரவில்லை. வந்ததும் வராததும் ராடார்த் திரையிலே ஒரே விதமான புள்ளிகள்தாம் என்பதை அந்த ஒரு கிழமை நமக்குக் கற்பித்தது.

புலிகளின் கையிலிருந்தவை செக்கோசிலவாக்கிய மரபில் வந்த ஸ்லின் என்னும் ஒற்றை இயந்திரப் பயிற்சி விமானங்கள். தாழப் பறப்பவை, மெதுவாகப் பறப்பவை. ஒலியை விஞ்சும் வேகமுள்ள போர் விமானங்கள் அவற்றைத் தேடி எழுந்து வெறுங்கையுடன் திரும்பியமை விநோதமாகத் தோன்றலாம். தும்பியைத் துரத்தும் பருந்தின் நிலை அது. விமானியின் கண்ணுக்கும் தரையிலுள்ள திரைக்கும் இடையே விழும் இந்த இடைவெளியே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள். பறக்கும் தட்டு என்றும், அடையாளங் காணப்படாத பறக்கும் பொருள் என்றும் உலகமெங்கும் பேசப்படும் கதைகள் அனைத்தும் அந்த இடைவெளியிலேதான் பிறந்தன. அக்கதைகளைக் கேட்டதும் நகைத்துவிட்டு அப்பாற் செல்வது முற்போக்காளருக்கு அழகு என்று நம்மிற் சிலர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அந்தப் புள்ளிகளுக்குப் பெயர் சூட்டும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது நகைப்புக்குரிய வினாவன்று.

இலங்கை வானத்தில் ராடாரின் வரலாறு ஒரு தவறுடனேயே தொடங்குகிறது. 1942 ஏப்ரில் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து கட்டலீனா விமானத்தில் புறப்பட்ட லெனாட் பேர்ச்சல் என்னும் கனடிய விமானி, தெற்கே நெடுந்தொலைவில் யப்பானியக் கடற்படை வருவதைக் கண்டார். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவரது விமானம் சுடப்பட்டது, அவர் சிறைபிடிக்கப்பட்டார். ஆகவே எதிரி வருகிறான் என்பது கொழும்புக்கு முதல் நாளே தெரியும். கொழும்பில் ராடார் நிலையமும் நிறுவப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று காலையில் நூற்றுக்கு மேற்பட்ட யப்பானிய விமானங்கள் தலைக்கு மேல் வந்து சேரும்வரை ஹரிக்கேன் விமானிகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. எதிரியின் காலடியிலிருந்தே அவர்கள் மேலெழ வேண்டியதாயிற்று. ஏன் எச்சரிக்கை வரவில்லை என்பதற்கு அன்று தொட்டுப் பல காரணங்கள் சொல்லப்பட்டு வருகின்றன. சீனக்குடாவிலிருந்து இரத்மலானை நோக்கி வந்துகொண்டிருந்த ஆறு சுவோட்பிஷ் விமானங்களோ, நடப்பது இன்னதென அறியாமலே போரின் நடுவே புகுந்து ஆறும் வீழ்த்தப்பட்டன. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளென்று மேலிருந்து தவறாகக் கருதப்பட்டதே காரணம் என்பர்.

நான்கு நாட்களின் பின் திருகோணமலையில் நிலைமை வேறு. அங்கிருந்த ராடார் சுமார் 90 மைல் தொலைவிலேயே யப்பானிய விமானங்களைக் கண்டுகொண்டது. விமானிகள் முன்கூட்டியே வானில் ஏறினர். கருவி ஒன்றே, ஓரிடத்தில் வாய் திறந்தது, ஓரிடத்தில் மௌனம் சாதித்தது. கொழும்பு மக்களுக்கு இவை எதுவும் அன்று சொல்லப்படவில்லை. அவர்கள் செய்தது ஒன்றே: மூட்டை முடிச்சுகளுடன் நகரை விட்டு ஓடினர். துறைமுகத் தொழிலாளர் இல்லாமற் கப்பல்கள் இறக்குவாரற்று நின்றன. பேரரசின் கணக்கேடுகள் அதனைத் தொழிலாளரின் கோழைத்தனம் போலக் குறித்து வைத்தன. பாதுகாப்பிடம் எங்கே என்று சொல்லாதவன், ஓடியவனைப் பழிப்பது ஆட்சியாளரின் பழைய வழக்கம்.

இனி, சீனக்குடாவின் மற்றொரு கதைக்கு வருவோம். விமானிகளின் விசித்திர அனுபவங்களைத் தொகுத்த நூல்களிலே இலங்கையின் பெயர் இடம்பெறுவது இதன்பொருட்டே.

1944 ஓகஸ்ட் 10ஆம் திகதி பிற்பகல், சீனக்குடா விமானத் தளத்திலிருந்து அமெரிக்கரின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் ஐம்பத்து நான்கு புறப்பட்டன. அப்பெரும் விமானங்களுக்காக ஓடுபாதை 7,200 அடியளவுக்கு நீட்டப்பட்டிருந்தது. அவை சென்ற இடம் சுமாத்திராவின் பலெம்பாங். முன்பு ஒல்லாந்தக் குடியேற்றவாதிகளின் கையிலும் அப்போது யப்பானியரின் கையிலும் இருந்த பிளாஜு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையே இலக்கு. சில விமானங்கள் மூசி ஆற்றிலே கண்ணிவெடிகளை விதைக்கச் சென்றன. போய்வரும் தூரம் ஏறக்குறைய 4,000 மைல். மேகம் மூடியிருந்தமையால் பெரும்பாலான விமானங்கள் ராடாரை நம்பியே குண்டுகளைப் போட்டன. பின்னர் எடுத்த படங்களைக் கொண்டு பார்த்தபோது அழிந்ததென்று திட்டமாகச் சொல்லக்கூடியது சிறு கட்டிடம் ஒன்றுதான் என்று அமெரிக்க வான்படையின் சொந்த வரலாறே ஒப்புக்கொள்கிறது. திரும்பும் வழியில் ஒரு விமானம் எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கிற்று.

அந்த விமானங்களுள் ஒன்றின் விமானி அல்வா ரீடா. நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில், இலக்கைத் தாக்கிவிட்டு மேகப் படலங்களிடையே திரும்பிக்கொண்டிருந்தபோது, வலப்புற இறக்கைக்கு அப்பால் ஐந்நூறு யார் தூரத்தில் ஒரு கோளம் தங்களுடன் கூடவே பறந்து வந்ததாக அவர் கூறினார். துணை விமானியும் வலப்புறத் துப்பாக்கி வீரரும் அதை முதலிற் கண்டனர். ஐந்தாறு அடி விட்டம். கடுஞ்சிவப்போ செம்மஞ்சளோ எனத்தக்க நிறம். நாடித் துடிப்புப் போன்ற இடையறாத துடிப்பு. ரீடா விமானத்தைத் திசை மாற்றினார், உயரம் மாற்றினார். கோளம் இடம் பிசகாது தொடர்ந்தது. சுமார் எட்டு நிமிடங்களின் பின் செங்குத்தாகத் திரும்பி மேகத்துள் மறைந்தது. தளத்துக்கு மீண்டதும் உளவுப் பிரிவினரிடம் விவரமாக அறிவித்ததாகவும், எதிரி தம்மைக் கண்காணிக்க ஏவிய கருவி என்றே அன்று கருதியதாகவும் அவர் சொன்னார்.

அது என்ன? நாம் அறியோம், அறிந்தவர் போல நடிக்கவும் விரும்பவில்லை. களைத்துப்போன மனிதர்கள், பல மணி நேரமாகக் கடலின்மேற் பறந்தவர்கள், கண்டார்கள். ஆனால் மூவர் கண்டனர். அதே ஆண்டின் இறுதியில் ஐரோப்பாவில் ரைன் நதிப் பிரதேசத்தில் இரவிற் பறந்த அமெரிக்க விமானிகளும் இத்தகைய ஒளிக்கோளங்களைக் கண்டதாகக் கூறி, சித்திரக்கதை ஒன்றிலிருந்து எடுத்த வேடிக்கைப் பெயரால் அவற்றை பூ பைட்டர் என்று அழைத்தனர். தரையிலுள்ள ராடாரைக் கேட்டால், அங்கே எதுவுமில்லை என்று பதில் வந்தது. விமானியின் கண் கண்டதைக் கருவி காணவில்லை.

கண்ணும் கருவியும் ஒருங்கே கண்டதாகச் சொல்லப்பட்ட பெரு நிகழ்ச்சி 1952இல் வாஷிங்டனில் நடந்தது. யூலை 19ஆம் திகதி இரவு, நகரின் விமான நிலையத்து ராடாரில் ஏழு புள்ளிகள் தோன்றின. வானத்திலிருந்த பயணிகள் விமானமொன்றின் தலைவரும் ஒளிகளைக் கண்டதாகச் சொன்னார். போர் விமானங்கள் வந்தபோது புள்ளிகள் மறைந்தன. அவை போனதும் மீண்டும் தோன்றின. ஒரு கிழமை கழித்து மறுபடியும் அதே கூத்து. கொரியாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஜனாதிபதி மாளிகைக்கு மேலேயே இனந்தெரியாத பொருள்கள்! பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். யூலை 29இல் வான்படைத் தளபதிகளில் ஒருவரான சாம்பெட் நிருபர்களைக் கூட்டி, வெப்பநிலைத் தலைகீழ் மாற்றமே காரணமாக இருக்கலாம் என்றார்.

இவ்விளக்கத்தை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. ராடார் செய்வது எளிய காரியம்: ஒரு குரல் கொடுத்து எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. சாதாரணமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். சில இரவுகளிலே தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதன் மேலே வெப்பக் காற்றும் படுத்துக் கிடக்கும். அப்போது வானை நோக்கிச் சென்ற அலை வளைந்து கீழே வந்து தொலைவிலுள்ள கட்டிடத்திலோ கப்பலிலோ மோதித் திரும்பும். கருவியோ அது நேரே போய் நேரே வந்ததாக எண்ணி வானத்திலே ஒரு புள்ளியைக் குறித்துவிடும். காற்றடுக்கு அசையப் புள்ளியும் அசையும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பம்பாயிலிருந்த ஒரு ராடார், அரபிக் கடலுக்கு அப்பால் 1,700 மைல் தொலைவிலுள்ள அரேபியக் கரையைக் காட்டியதாக அத்துறையின் பாடநூல்கள் கூறுகின்றன. 1960 ஒக்டோபர் 5ஆம் திகதி கிறீன்லாந்திலே புதிதாக அமைத்த அமெரிக்க ராடார், நோர்வேயின் பக்கமாக எழுந்த சந்திரனைக் கண்டு சோவியத் ஏவுகணைகள் வருகின்றன என்று அறிவித்தது. சந்திரனை யாரும் சுட்டுவிடவில்லை என்பதே நமது அதிர்ஷ்டம்.

ஆகவே விஞ்ஞான விளக்கம் பெரும்பாலானவற்றுக்குப் போதுமானது. அமெரிக்க வான்படை 1952 முதல் 1969 வரை நடத்திய நீலப்புத்தக ஆய்வில் வந்த முறைப்பாடுகள் 12,618. அவற்றில் விளக்கமின்றி எஞ்சியவை 701. எஞ்சியவற்றை வேற்றுலகத்தார் கணக்கில் வரவு வைப்பது மூடநம்பிக்கை. ஆனால் விளக்கம் சொல்ல வந்தவர்கள் வேறொன்றும் செய்தார்கள். 1953 யனவரியில் சீ.ஐ.ஏ. கூட்டிய ரொபட்சன் குழு, இப்பொருள்களால் நேரடி ஆபத்தில்லை என்று கண்டது; கண்டதுடன் நில்லாமல், மக்களின் ஆர்வத்தைத் தணிக்கப் பிரசாரம் செய்ய வேண்டும், இவற்றை ஆராயும் பொதுமக்கள் சங்கங்களைக் கண்காணிக்க வேண்டும் என்றும் ஆலோசனை கூறிற்று. வானத்தைப் பார்க்கும் மனிதனையே பார்க்கத் தொடங்கினர்!

அதன் உள்ளர்த்தம் பின்னர் வெளிப்பட்டது. 1955 முதல் யூ-2 என்னும் வேவு விமானம் 60,000 அடிக்கு மேலே பறந்தது. மாலையிலே கீழே இருள் கவிந்த பின்னும் அவ்வுயரத்தில் வெயில் எறிக்கும். அவ்விமானத்தின் இறக்கை தீப்போல ஒளிரும். பயணிகள் விமானிகள் அதைக் கண்டு எழுதினர். 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் வந்த முறைப்பாடுகளிற் பாதிக்கு மேற்பட்டவை இத்தகைய வேவுப் பறப்புகளால் எழுந்தவை என்று சீ.ஐ.ஏ. 1997இல் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. அந்த விகிதத்தை ஏற்காதவர்களும் உளர். விகிதம் எதுவாயினும், மேலிடத்துக்கு விடை தெரிந்திருந்தது. பனிப்படலம், காற்றின் விளையாட்டு என்று பொய் விடைகள் கொடுக்கப்பட்டன. கண்ணாற் கண்டதைச் சொன்ன நேர்மையான விமானி தன் கண்ணையே ஐயுறுமாறு செய்யப்பட்டான்.

பொய்ப் புள்ளி எத்தனை பேரைக் கொல்லும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1964 ஓகஸ்ட் 4ஆம் திகதி இரவு, தொங்கின் வளைகுடாவில் மடொக்ஸ், டேணர் ஜோய் என்ற இரு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வடவியட்னாம் படகுகளாற் சூழப்பட்டதாக அறிவித்தன. இரண்டு நாட்களுக்கு முன் ஒரு மோதல் உண்மையாகவே நடந்திருந்தது. அன்றிரவோ ராடாரிலே புள்ளிகள், நீர்மூழ்கி ஒலிக்கருவியிலே குண்டுகளின் ஓசை. மணிக்கணக்காகச் சுட்டார்கள். மேலே போர் விமானத்திற் பறந்த ஜேம்ஸ் ஸ்ரொக்டேல் தாழ இறங்கித் தேடினார். படகு எதையும் காணவில்லை. கப்பலிலிருந்த தலைவர் ஹெரிக்கே, காலநிலைக் கோளாறும் ஒலிக்கருவியாளரின் பதற்றமும் காரணமாகலாம், முழு ஆய்வுக்குப் பின் முடிவு செய்க என்று தந்தி அடித்தார். வாஷிங்டன் காத்திருக்கவில்லை. ஜோன்சன் அன்றிரவே வடவியட்னாம்மீது குண்டுவீச ஆணையிட்டார். ஓகஸ்ட் 7இல் காங்கிரஸ் போருக்கான அதிகாரத்தை அவரிடம் வாரிக் கொடுத்தது. கீழ்ச்சபையில் எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை, செனற்சபையில் இரண்டு. உண்மையறிந்த விமானியான ஸ்ரொக்டேல் அடுத்த ஆண்டு சுட்டு வீழ்த்தப்பட்டு ஹனோயிலே ஏழாண்டுக்கு மேலாகச் சிறையிருந்தார். அன்றிரவு அத்தகைய தாக்குதல் நடக்கவேயில்லை என்று காட்டும் அமெரிக்க உளவுத்துறையின் உள்ளாய்வு வெளிவந்தது 2005இல். அதற்கிடையே வியட்னாமிய மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டிருந்தனர். 58,000 அமெரிக்க இளைஞரும் மாண்டிருந்தனர்.

வாஷிங்டனில் விமானி இருப்பதைச் சொன்னான், இல்லை என்றனர். தொங்கினில் இல்லை என்று சொன்னான்; இருக்கிறது என்றனர். இரண்டிலும் திரை ஒன்றே. தேவைதான் வேறு.

அண்மைக் காலத்தில் நிலைமை சற்று மாறியிருப்பதாகச் சொல்கின்றனர். 2004 நவம்பரில் கலிபோர்னியாக் கடலுக்கு மேலே ராடாரும் விமானிகளும் ஒருங்கே கண்ட வெண்ணிறப் பொருள் பற்றி வெளிப்படையாகவே பேசப்படுகிறது. 2021 யூனில் வந்த அமெரிக்க அரசாங்க அறிக்கை 144 சம்பவங்களை எடுத்துக்கொண்டு ஒன்றுக்கு மட்டுமே, அது காற்றிழந்த பலூன் என்று, விடை கண்டது. 2023 நவம்பர் 19ஆம் திகதி மணிப்பூரின் இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ ஒன்று தெரிந்ததென்று வான்பரப்பைச் சில மணி நேரம் மூடினர். ரபேல் விமானங்கள் தேடிச் சென்றன, எதையும் காணவில்லை. மாதக் கணக்காக இனக்கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த மணிப்பூரைப் பற்றி அதுவரை ஒரு வரியும் எழுதாத சில ஏடுகள் அன்று வானத்தைப் பற்றி எழுதின.

நமது பத்திரிகைத் தமிழிலே 'இனந்தெரியாத' என்னும் சொல்லுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. இனந்தெரியாத நபர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார், இனந்தெரியாதோர் வெள்ளை வானில் கடத்திச் சென்றனர் என்று எத்தனை ஆண்டுகள் வாசித்தோம்! வாசித்தவனுக்குத் தெரியும், எழுதியவனுக்குத் தெரியும், அச்சுக் கோத்தவனுக்கும் தெரியும். அச்சொல் அறியாமையைக் குறித்ததேயில்லை. அறிந்ததைச் சொன்னால் உயிர் தங்காது என்பதைக் குறித்தது.

2007இன் அந்த விமானத் தாக்குதல்களின் காலத்தில் வானத்துக்கும் இச்சொல்லே வழங்கிற்று. இந்தியா அளித்த இந்திரா ராடார்கள் போதாவென்றும், சீன ராடார் வாங்கவேண்டும் என்றும் கொழும்பிலே பேச்செழுந்தது. சீனாவிடமும் பாகிஸ்தானிடமும் போகக்கூடாது என்று புதுடில்லியின் பாதுகாப்பு ஆலோசகர் பகிரங்கமாக எச்சரித்தார். நம் தலைக்கு மேலுள்ள வானத்தை யாருடைய கருவி பார்ப்பது என்று இரு வல்லரசுகள் வழக்காடின. கீழே நடந்தது வேறு. வானத்தில் வந்தவனின் இனம் தெரியாவிடினும், தரையில் நடப்பவனின் இனம் அடையாள அட்டையிலே தெரிந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் விடுதிகள் இரவிரவாகச் சோதிக்கப்பட்டன. வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தவர், கூலி வேலை தேடி வந்த இளைஞர் ஆகியோர் அங்கே தங்கியிருந்தனர். கொழும்பில் இருப்பதற்குத் தக்க காரணம் கேட்கப்பட்டது. சொன்ன காரணத்தை ஏற்பதும் விடுவதும் கேட்டவரின் மனம்.

2007 யூன் 7ஆம் திகதி விடியுமுன் அவ்விடுதிகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டனர். பாதுகாப்பு என்பதே அரசாங்கம் சொன்ன காரணம். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. பலர் திருப்பிக் கொண்டுவரப்பட்டனர். அதற்குள் பெரும்பாலான பஸ்கள் வவுனியாவைச் சென்றடைந்திருந்தன. வடக்கின் வானத்தைக் கண்காணித்த ராடார் நிலையம் ஒன்று நின்றதும் அந்த வவுனியாவில்தான். 2008 செப்டெம்பர் 9ஆம் திகதி அதிகாலை அந்நிலையத்தைப் புலிகள் தரையிலிருந்தும் வானிலிருந்தும் தாக்கினர். காயமடைந்தோரிடையே, அக்கருவியைப் பராமரிக்க வந்திருந்த இந்தியத் தொழில்நுட்பவியலாளர் இருவரும் இருந்தனர்.